சாமானியர் எழுதிய நாட்குறிப்புகள்: பிரிட்டனின் மாஸ் அப்சர்வேஷன் இயக்கம்

1936 டிசம்பரில், மணமுறிவு பெற்ற அமெரிக்கப் பெண்மணியான வாலிஸ் சிம்ப்சனை மணப்பதற்காக மன்னர் எட்டாம் எட்வர்ட் முடிதுறந்தபோது, பிரிட்டனின் நாடாளுமன்றமும் திருச்சபையும் பத்திரிகைகளும் ஆளுக்கொரு பக்கம் நின்று மக்களின் பெயரால் பேசின. அரசரின் காதல் விவகாரத்தைப் பல மாதங்கள் வாசகரிடமிருந்து மறைத்துவைத்திருந்த நாளேடுகள், செய்தி வெடித்த ஒரே வாரத்தில், நாடே என்ன நினைக்கிறது என்று தலையங்கம் எழுதத் தொடங்கியது அன்றைய இளம் அறிவாளர் சிலருக்கு வியப்பையும் எரிச்சலையும் தந்தது. கடைக்காரரும் எழுத்தரும் இல்லத்தரசியும் அரசியலைப் பற்றி வீட்டிலும் தெருவிலும் உண்மையில் என்ன பேசுகின்றனர், எதை நம்புகின்றனர், எதற்கு அஞ்சுகின்றனர் என்பதை அறிந்துகொள்ள எந்த ஏற்பாடும் அந்நாட்டில் இருக்கவில்லை. அந்தக் குறையிலிருந்து பிறந்ததுதான் மாஸ் அப்சர்வேஷன், அதாவது பெருந்திரளான மக்கள் தாமே கவனிப்பவராகவும் கவனிக்கப்படுபவராகவும் இருந்து அன்றாட வாழ்வை எழுத்தில் பதிவுசெய்யும் இயக்கம்.

இவ்வியக்கத்தைத் தொடங்கிய மூவரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள் அல்லர். சார்லஸ் மாட்ஜ் கவிஞர். பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்தவர். வயிற்றுப்பாட்டுக்காக டெய்லி மிரர் நாளேட்டில் செய்தியாளராக இருந்தவர். ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸ் ஓவியரும் ஆவணப்பட இயக்குநரும் ஆவார். டாம் ஹாரிசன் பறவை ஆராய்ச்சியிலிருந்து மானிடவியலுக்கு வந்தவர். 1931இல் பிரிட்டன் முழுவதும் தன்னார்வலர் நூற்றுக்கணக்கானோரைத் திரட்டிக் கொண்டை முக்குளிப்பான் என்னும் நீர்ப்பறவையின் எண்ணிக்கையைக் கணக்கெடுத்தவர். பின்னர் தென் பசிபிக்கின் நியூ ஹெப்ரிடீஸ் தீவுகளில் அங்குள்ள மக்களிடையே வாழ்ந்து திரும்பியவர். 1937 ஜனவரி 2ஆம் தேதியிட்ட நியூ ஸ்டேட்ஸ்மன் வார இதழில், உள்நாட்டு மக்களைப் பற்றிய மானிடவியல் தேவை என்று மாட்ஜ் எழுதிய கடிதம் வெளியான அதே பக்கத்தில் ஹாரிசனின் கவிதை ஒன்றும் அச்சாகியிருந்தது; இந்தத் தற்செயல்தான் இருவரையும் சேர்த்துவைத்தது. அதே மாதம் 30ஆம் தேதி மூவரும் கையெழுத்திட்ட அறிக்கைக் கடிதம் அதே இதழில் வெளிவந்தது.

அக்கடிதம் ஆய்வுக்குரியவையெனச் சொன்ன பொருள்களின் பட்டியல் அன்றைய படித்த வாசகரைத் திகைக்கவைத்தது. போர் நினைவுச் சின்னங்களின் முன் மக்கள் நடந்துகொள்ளும் விதம், வண்டியோட்டிகளின் கூச்சலும் சைகையும், வீட்டு முன்கூடத்தில் அஸ்பிடிஸ்ட்ரா செடி வளர்க்கும் பற்று, கால்பந்து ஆட்டங்களின் முடிவை ஊகித்து அஞ்சலில் பணம் கட்டும் பந்தயம், குளியலறைப் பழக்கங்கள், தாடி, புருவம், யூத வெறுப்பு, ஆபாச நகைச்சுவை பரவும் வழி, ஈமச் சடங்குகள், மருத்துவச்சிகளின் சொந்த வாழ்க்கை ஆகியவை எந்தத் தரவரிசையுமின்றி அடுத்தடுத்து வைக்கப்பட்டிருந்தன. ஓரளவு இது விளையாட்டுத்தனமே. மாட்ஜும் ஜென்னிங்ஸும் கலையுலகில் அப்போது செல்வாக்குப் பெற்றிருந்த மிகையதார்த்தவாதத்தின் நிழலில் நின்றவர்கள், அதாவது தொடர்பற்ற பொருள்களை அருகருகே வைத்து அடிமனத்தை வெளிக்கொணர முயன்ற போக்கின் சார்பினர். ஆயினும் பட்டியலின் அடியில் கனமான ஒரு கேள்வி இருந்தது. மானிடவியல் அதுவரை ஆண்டவர்கள் ஆளப்பட்டவர்களைப் பற்றி எழுதிய துறையாகவே இருந்தது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகளை 1909இல் வெளியிட்டவர், மனிதர்களின் மூக்கையும் தலையையும் அளந்து குறித்ததை இங்கு நினைவுகூரலாம். அதே அளவுகோலை லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளியின் மீதும் லண்டன் எழுத்தரின் மீதும் வைத்தால் என்ன தெரியும் என்பதே ஹாரிசனின் கேள்வி.

இயக்கம் தொடக்கத்திலிருந்தே இரு கிளைகளாகப் பிரிந்து நடந்தது. மாட்ஜும் ஜென்னிங்ஸும் லண்டனிலிருந்து நாடு முழுவதும் தன்னார்வ எழுத்தாளர்களைச் சேர்த்து, 1937 பிப்ரவரி முதல் ஒவ்வொரு மாதமும் 12ஆம் தேதியன்று கண்விழித்தது முதல் உறங்கும்வரை நிகழ்ந்த அனைத்தையும் எழுதி அனுப்பும்படி கேட்டனர். அவ்வாண்டு மே 12 ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு நாளாக அமைந்துவிட்டது. அன்றைய மழையும், லண்டன் பேருந்துத் தொழிலாளரின் வேலைநிறுத்தமும், ஊர்வலம் காண வந்தோரின் அலுப்பும், வீட்டிலேயே வானொலி கேட்டவர்களின் கண்ணீரும், அரசரைப் பற்றிய கேலியும் கலந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் எழுதிய குறிப்புகள் அதே ஆண்டில் நூலாக வெளிவந்தன. எழுதியவரின் குரலை வெட்டாமல் துண்டு துண்டாக அடுக்கிய அந்நூல் படிப்பதற்கு எளிதன்று. அரச விழாவைப் பற்றி அன்று எழுதப்பட்ட புகழுரைகள் எல்லாம் மறக்கப்பட்ட பின்னும் வரலாற்றாய்வாளர்கள் தேடிப் படிப்பது அதைத்தான்.

மற்றொரு கிளை ஹாரிசனுடையது. லங்காஷயரின் பஞ்சாலை நகரமான போல்டனைத் தேர்ந்து, அதற்கு வொர்க்டவுன் என்ற புனைபெயரைச் சூட்டி, டேவன்போர்ட் தெருவிலிருந்த ஒரு வரிசை வீட்டில் தம் குழுவினருடன் தங்கி, அவர் தெருவையும் சந்தையையும் தேவாலயத்தையும் ஆலை வாசலையும் கண்காணிக்கத் தொடங்கினார். மக்கள் வாயால் சொல்வதைவிட உடலால் செய்வதே நம்பத்தக்கது என்பது பறவை நோக்கராக அவர் பெற்ற பயிற்சி தந்த முடிவு. ஆகவே அவருடைய குழுவினர் பப் எனப்படும் மது விடுதிகளில் அமர்ந்து, ஒருவர் ஒரு கோப்பை பீரை எத்தனை நிமிடத்தில் குடிக்கிறார் என்று எண்ணிக் குறித்தனர்; ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் ஒருவரையொருவர் பாராமலே ஏறக்குறைய ஒரே வேகத்தில் கோப்பையைக் காலிசெய்வதைக் கண்டறிந்தனர். ஒருவர் மாற்றி ஒருவர் அனைவருக்கும் வாங்கிக்கொடுக்கும் வழக்கமும், தொழிலாளி முன்னறையிலும் சற்று வசதியுள்ளவர் கூடுதல் விலை கொடுத்து உள்ளறையிலும் அமரும் பாகுபாடும், புறா வளர்ப்போரும் சங்கத்தாரும் கூடும் மாடியறையும் சேர்ந்து, பப் என்பது குடிக்கும் இடம் மட்டுமன்று, தொழிலாளியின் பொதுவாழ்வு நடக்கும் ஒரே கூரை என்ற முடிவுக்கு அவர்களைக் கொண்டுசென்றன. 1943இல் வெளியான இவ்வாய்வு நூல் இன்றும் அத்துறையில் முதன்மையானது. குழுவின் புகைப்படக்காரர் ஹம்ஃப்ரி ஸ்பெண்டர் மேலங்கிக்குள் சிறு கேமராவை மறைத்து எடுத்த புகைப்படங்களும் அவ்வாறே.

பொழுதுபோக்கை அரசியலுக்கு நிகரான ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டது இவ்வியக்கத்தின் தனித்தன்மை. தொழிலாளி ஆண்டுதோறும் சேமித்த பணத்துடன் ஆலை மூடும் விடுமுறை வாரத்தில் பிளாக்பூல் கடற்கரைக்குச் செல்வதையும், அங்கே என்ன செலவிட்டு என்ன கண்டு திரும்புகிறான் என்பதையும் ஹாரிசனின் குழு பின்தொடர்ந்து பதிவுசெய்தது. ஒழுக்கக்கேட்டுக்குப் பெயர்போன அக்கடற்கரையை இரவெல்லாம் சுற்றிவந்தும் வதந்திக்கு ஏற்ற அளவு எதையும் காணாமல் அவர்கள் திரும்பியது வேடிக்கையான ஒரு பக்கச் செய்தி. இயக்கத்திலிருந்து விரைவில் விலகிய ஜென்னிங்ஸ் 1939இல் எடுத்த ‘ஸ்பேர் டைம்’ என்னும் குறும்படம், எஃகு, பஞ்சு, நிலக்கரி ஆகிய மூன்று தொழில்களின் மக்கள் வேலை முடிந்தபின் புறா விடுவதையும், இசைக்குழு நடத்துவதையும், பாட்டுப் பயிலுவதையும் எந்த அறிவுரையுமின்றிக் காட்டியது. லண்டன் இசை நாடகம் ஒன்றிலிருந்து கிளம்பி 1938இல் நாடெங்கும் பரவிய லாம்பெத் வாக் என்ற குழு நடனத்தைப் பற்றியும் இயக்கம் விரிவாக எழுதியது. நடனக்கூட உரிமையாளர்கள் மேலிருந்து திணித்த நாகரிகங்களுக்கு நடுவே, தொழிலாளர் குடியிருப்பின் நடையையும் கேலியையும் கொண்ட ஓர் ஆட்டத்தை மக்கள் தமதாக்கிக்கொண்டதற்கு அரசியல் பொருள் உண்டென்று மாட்ஜும் ஹாரிசனும் வாதிட்டனர். வாதம் சற்று மிகையே. ஆனால் நடனக்கூடத்தில் அரசியலைத் தேடலாம் என்ற துணிவு அன்றைய சமூகவியலுக்குப் புதிது.

இவ்விருவரும் எழுதி 1939 ஜனவரியில் மலிவு விலைப் பெங்குவின் பதிப்பாக வந்த ‘பிரிட்டன்’ என்னும் நூல்தான் இயக்கத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது. 1938 செப்டம்பரில் ஹிட்லருடன் பிரதமர் சேம்பர்லின் நடத்திய மியூனிக் பேச்சுவார்த்தையின் நாள்களில், மக்களின் மனநிலை ஒரே வாரத்துக்குள் அச்சம், வெட்கம், நிம்மதி, ஐயம் எனப் பலமுறை மாறியதை அந்நூல் நாள்வாரியாகக் காட்டியது. நாடு முழுவதும் பிரதமரின் பின்னால் ஒருமனதாக நிற்பதாக நாளேடுகள் எழுதிக்கொண்டிருந்த வேளையில், சாமானியர் பலர் தமக்கு எதுவும் புரியவில்லை என்றும், எவரும் எதையும் உள்ளபடி சொல்வதில்லை என்றும் வெளிப்படையாகக் கூறிக்கொண்டிருந்தனர். ஆம், இல்லை, தெரியாது என்ற மூன்று விடைகளில் மக்கள் கருத்தை அளக்கும் காலப் கருத்துக்கணிப்பு முறையும் பிரிட்டனுக்கு வந்தது இயக்கம் தொடங்கிய அதே 1937இல்தான். அம்முறை எத்தனை பேர் என்பதைச் சொல்லும். ஒருவர் காலையில் ஒன்றும் மாலையில் வேறொன்றும் ஏன் நினைத்தார் என்பதைச் சொல்லாது. மாஸ் அப்சர்வேஷன் இரண்டாவதைத் தேடியது. முதலாவதில் அது என்றுமே வலுப்பெறவில்லை.

கல்விப்புலத்தின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. மானிடவியலர் மலினோவ்ஸ்கி இயக்கத்தின் முதலாண்டு அறிக்கைக்கு எழுதிய நீண்ட கட்டுரையில் முயற்சியை வாழ்த்திவிட்டு முறையைக் கண்டித்தார்; மற்றொரு மானிடவியலரான ரேமண்ட் ஃபர்த் 1939இல் எழுதிய விமரிசனத்தில், எதை ஏன் கவனிக்க வேண்டும் என்ற கோட்பாடின்றி உண்மைகளைக் குவிப்பது அறிவியலாகாது என்றார். எழுத முன்வந்தவர்களில் ஆசிரியர்களும் எழுத்தர்களும் கடைப் பணியாளர்களும் மாணவர்களும் இல்லத்தரசிகளும் மிகுதியாகவும் ஆலைத் தொழிலாளர் குறைவாகவும் இருந்தனர். இடதுசாரிச் சாய்வுடையோர் மக்கள்தொகையில் தமக்குள்ள பங்கைவிடக் கூடுதலாக இருந்தனர். போல்டனிலோ நிலைமை தலைகீழ்: அங்கே பல்கலைக்கழகம் கண்ட இளைஞர் பலர் தொழிலாளரை வேவு பார்த்தனர், தொழிலாளர் தம்மைப் பற்றித் தாமே எழுதுவது அரிதாகவே நடந்தது. மக்கள் தம்மைத் தாமே ஆராயும் அறிவியல் என்று விளம்பரம் செய்த இயக்கத்தில், எழுதுகோல் பிடித்தவர் ஒரு வகுப்பினராகவும் பார்க்கப்பட்டவர் மற்றொரு வகுப்பினராகவும் இருந்ததே அதன் உள்முரண். இக்குறையை நிறுவனர்கள் மறைக்கவில்லை, தீர்க்கவுமில்லை.

இரண்டாம் உலகப்போர் தொடங்கும் தறுவாயில், 1939 ஆகஸ்டில், தன் எழுத்தாளர் குழுவினரை நாட்குறிப்பு எழுதத் தொடங்குமாறு இயக்கம் கேட்டுக்கொண்டது. இந்த வேண்டுகோள்தான் அதன் வரலாற்றையே மாற்றியது. போர் முடியும்வரை ஏறக்குறைய 480 பேர் நாட்குறிப்புகளை அனுப்பினர். சிலர் ஓரிரு மாதங்களில் நிறுத்தினர், சிலர் ஆண்டுக்கணக்கில் எழுதினர். இவற்றுடன், மாதந்தோறும் ஒரு பொருளைப் பற்றிய கேள்விகளை அனுப்பி விரிவான விடை பெறும் முறையும் நடந்தது. டைரக்டிவ் எனப்பட்ட அக்கேள்வித்தாள்கள் யூதர்களைப் பற்றிய எண்ணம், மதநம்பிக்கை, உடை, கனவு, போருக்குப் பிந்தைய எதிர்பார்ப்பு என எதையும் விட்டுவைக்கவில்லை. வெளியிடும்போது பெயர் மறைக்கப்படும் என்ற உறுதி இருந்ததால், அண்டை வீட்டாரிடம் சொல்லத் துணியாததையும் மக்கள் முன்பின் அறியாத ஓர் அலுவலகத்துக்கு எழுதினர். குண்டுவீச்சின்போது தாம் அச்சத்தைவிடக் கிளர்ச்சியை உணர்ந்ததையும், அகதிகளிடம் தமக்கு இரக்கமில்லாததையும், சர்ச்சிலின் பேச்சைக் கேட்கும்போது சலிப்படைந்ததையும் அவர்கள் ஒளிக்கவில்லை. ரேஷன் வெண்ணெயைப் பங்கிடும் சண்டைக்குப் பக்கத்திலேயே ஸ்டாலின்கிராட் பற்றிய கருத்தும், அதை ஒட்டியே தோட்டத்து உருளைக்கிழங்கைப் பற்றிய கவலையும் வரும் இந்தத் தாள்களில், அரசியல் என்பது தனி அறையில் நடக்கும் ஒன்றாக எங்கும் தோன்றுவதில்லை.

நாட்குறிப்பு எழுதியவர்களுள் நெல்லா லாஸ்ட் பின்னாளில் பெரும்புகழ் பெற்றார். வடமேற்கு இங்கிலாந்தின் கப்பல் கட்டும் நகரான பாரோ-இன்-ஃபர்னஸில், மரவேலைத் தொழில் செய்த ஒருவரின் மனைவியான இவர், போர் தொடங்கியபோது 49 வயதினர். ‘இல்லத்தரசி, 49’ என்றே தம்மைக் குறித்துக்கொண்டார். கணவரின் முகக்கோணலுக்கு ஏற்ப நடந்து பழகிய ஒரு பெண், பெண்கள் தன்னார்வச் சேவை அமைப்பிலும், போர்க்கைதிகளுக்காகப் பணம் திரட்டிய செஞ்சிலுவைக் கடையிலும் வேலைசெய்யத் தொடங்கியபின், தன் திறமையையும் அதுவரை கழிந்த ஆண்டுகளின் இழப்பையும் ஒருங்கே உணர்வதை அவருடைய நாட்குறிப்பு மெல்ல மெல்லக் காட்டுகிறது. 1941இல் அந்நகரின் மீது நடந்த குண்டுவீச்சு, துணிக்கந்தலிலிருந்து பொம்மை தைக்கும் பொழுதுபோக்கு, மீந்த உணவை விருந்தாக்கும் கைத்திறன், போர் முடிந்தால் மீண்டும் அடுப்படிக்கே திரும்ப வேண்டுமோ என்ற கலக்கம் எல்லாம் அதில் உண்டு. அவர் 1966வரை எழுதினார். போர்க்காலப் பகுதி 1981இல்தான், அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், நூலாயிற்று. 2006இல் தொலைக்காட்சிப் படமும் வந்தது. பெண்கள் போரின்போது பெற்ற விடுதலையைப் பற்றிப் பொதுவாக எழுதப்பட்ட நூல்கள் பல இருந்தாலும், அந்த விடுதலை ஒரே வீட்டுக்குள் எவ்வளவு தயங்கி நுழைந்தது என்பதை இவ்வளவு நுட்பமாகச் சொல்லும் சான்று அரிது.

போர், இயக்கத்துக்குச் சங்கடமான ஒரு வாய்ப்பையும் தந்தது. மக்களின் மனவுறுதியை அறிய விரும்பிய தகவல் அமைச்சகம் 1940இல் மாஸ் அப்சர்வேஷனுக்குப் பணம் கொடுத்து அறிக்கைகள் பெறத் தொடங்கியது. உங்கள் துணிவும் உங்கள் உறுதியும் நமக்கு வெற்றி தரும் என்ற பொருள்படும் அரசுச் சுவரொட்டியைக் கண்ட சாமானியர், உழைப்பு எங்களுடையது, வெற்றி உங்களுடையதா என்று எடுத்துக்கொண்டதை இயக்கம் சுட்டிக்காட்டியது அதன் பயனுள்ள பணிகளில் ஒன்று. ஆனால் குடிமக்களை அரசு வேவு பார்ப்பதாக அவ்வாண்டுக் கோடையில் பத்திரிகைகள் எழுப்பிய கூச்சலில், அமைச்சர் டஃப் கூப்பரின் பெயரால் எல்லா ஆய்வாளரும் ‘கூப்பரின் ஒற்றர்கள்’ எனக் கேலிக்குள்ளாயினர். அரசுடனான இந்த நெருக்கத்தை ஏற்காத மாட்ஜ் விலகினார். மக்கள் தமக்குத் தாமே பேசிக்கொள்ளத் தொடங்கிய ஒன்று ஆள்வோருக்குச் செய்தி கொண்டுசெல்லும் காதாக மாறிவிட்டது என்ற அவருடைய ஐயம் நியாயமானதே. எனினும் அந்தக் காதை வைத்துக்கொண்டுதான், சர்ச்சிலின் புகழ் உச்சத்தில் இருந்த 1944இலேயே, அடுத்த தேர்தலில் தொழிற்கட்சியே வெல்லும் என்று ஹாரிசன் கட்டுரை எழுத முடிந்தது; 1945 முடிவு அவ்வாறே அமைந்தது.

அதன்பின் சரிவு விரைவாக வந்தது. ஹாரிசன் 1945இல் பாராசூட் மூலம் போர்னியோவில் இறங்கிப் போரிட்டு, பின்னர் சரவாக் அருங்காட்சியகக் காப்பாளராகக் கூச்சிங்கிலேயே பல ஆண்டுகள் தங்கிவிட்டார். 1949இல் மாஸ் அப்சர்வேஷன் சந்தை ஆய்வு நிறுவனமாக மாறி, சோப்பையும் தின்பண்டத்தையும் பற்றி நுகர்வோரிடம் கேட்கத் தொடங்கியது. போர்க்கால நாட்குறிப்புகள் பெட்டிகளில் கிடந்தன. ஆங்கஸ் கால்டர் தம் போர்க்கால வரலாற்று நூலுக்காக (1969) அவற்றைப் பயன்படுத்தியபின்தான் அவற்றின் மதிப்பு வெளிப்பட்டது. சசெக்ஸ் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏசா பிரிக்ஸின் முயற்சியால் அங்கே கொண்டுவரப்பட்டு, 1970களில் ஆவணக்காப்பகமாகத் திறக்கப்பட்டன. ஹாரிசன் பழைய எழுத்தாளர் சிலரிடம் குண்டுவீச்சு நாள்களை நினைவிலிருந்து மறுபடி எழுதச் சொல்லி, அவர்கள் அன்று எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, இரண்டும் பெரிதும் வேறுபட்டன. தாம் அன்று அஞ்சியதை அவர்களே மறந்திருந்தனர். வாய்மொழி வரலாற்றை மட்டும் நம்புவோர் இந்தச் சோதனையைக் கட்டாயம் கருத்தில் கொள்ள வேண்டும். ஹாரிசன் 1976 தொடக்கத்தில் தாய்லாந்தில் பேருந்து விபத்தில் இறந்தார்.

1981இல் சசெக்ஸில் எழுத்தாளர் குழுவை மீண்டும் திரட்டியவர் மானிடவியலர் டேவிட் போகாக். இவர் குஜராத்தின் பட்டீதார்களை ஆராய்ந்தவர். பிரமலைக் கள்ளர்களைப் பற்றித் தமிழகத்தில் கள ஆய்வு செய்த லூயி தூமோனுடன் சேர்ந்து 1957இல் இந்தியச் சமூகவியலுக்கான ஆய்விதழைத் தொடங்கியவர். நியூ ஹெப்ரிடீஸிலிருந்து போல்டனுக்கு வந்த ஹாரிசனைப் போலவே, வெளிநாட்டுக் கிராமத்தைப் படித்த கண்ணோடு சொந்த நாட்டுக்குத் திரும்பியவர் என்பதால் இயக்கத்தின் மறுபிறப்பு பொருத்தமானவர் கையில்தான் நடந்தது. எழுத முன்வந்தோரில் இம்முறை பெண்கள் மிகுதியாயினர். 2010 முதல் மே 12 அன்று நாட்குறிப்பு எழுதி அனுப்புமாறு காப்பகம் பொதுமக்களை அழைத்துவருகிறது. ஆவணங்கள் 2013இலிருந்து பிரைட்டன் அருகே ‘தி கீப்’ என்னும் கட்டடத்தில் உள்ளன.

எண்ணிக்கையை அளக்கும் அறிவியலாக மாஸ் அப்சர்வேஷன் தோற்றது என்பதில் ஐயமில்லை. ஃபர்த் வைத்த குற்றச்சாட்டுக்கு அதனிடம் கடைசிவரை விடை இருக்கவில்லை. ஹாரிசன் மிகவும் நம்பிய கோப்பை எண்ணும் வேலையில் பப் நூலைத் தவிர நிலைத்தது குறைவு. அவர் ஐயுற்ற சொற்கள்தான், அதாவது தம் எழுத்தை யார் படிப்பார் என்று தெரியாமலே எழுதிய எழுத்தர்களும் ஆசிரியைகளும் இல்லத்தரசிகளும் விட்டுச்சென்ற தாள்கள்தான், இருபதாம் நூற்றாண்டு பிரிட்டனைப் பற்றி எழுதும் எவரும் தவிர்க்க முடியாத மூலமாகியுள்ளன. அவற்றைப் பயன்படுத்துவோர் அவற்றில் ஆலைத் தொழிலாளியின் கை குறைவு என்பதை ஒவ்வொரு முறையும் குறிப்பிட வேண்டும். அக்கடமையிலிருந்து எந்த வரலாற்றாசிரியருக்கும் விலக்கில்லை.